தள்ளுபடியில் பழைய மின் காரா, புதிதாய் வந்த மின் காரா?

ஒரு பொருளின் புதிய மாதிரி வரப்போகிறது என்று தெரிந்தவுடன், கடையில் இருக்கும் பழைய மாதிரியின் விலை இறங்குகிறது. கைக்கடிகாரமானாலும் காரானாலும் இதுவே நடைமுறை. அப்போது வாங்க வருபவருக்கு ஒரு குழப்பம் உண்டாகிறது. குறைந்த விலையில் கிடைக்கும் பழையதை வாங்குவதா? கூடுதல் பணம் கொடுத்துப் புதியதை வாங்குவதா?

பலர் இதை மனத்தின் விருப்பப்படி முடிவு செய்கிறார்கள். ஆனால் மின்சாரத்தால் ஓடும் காரைப் பொறுத்தவரை இக்கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை காணலாம். அதற்குப் பள்ளியில் நாம் கற்கும் இயற்பியலும் பெருக்கல் கணக்கும் போதும். உண்மையில் நடந்த ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு அதைக் காண்போம்.

இரண்டு கார்கள்

ஜப்பானின் நிசான் நிறுவனம் 2010 டிசம்பரில் 'லீஃப்' என்னும் மின் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017 செப்டம்பரில் அதன் இரண்டாம் தலைமுறைக் காரை உலகுக்குக் காட்டியது. அமெரிக்காவில் புதிய கார் 2018ஆம் ஆண்டு மாதிரியாக விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் 2017 மாதிரிக் கார்கள் கடைகளில் மீதமிருந்தன.

பழைய காரின் தொடக்க விலை 30,680 டாலர். பல மாநிலங்களில், குறிப்பிட்ட மின்வாரிய நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு 10,000 டாலர் தள்ளுபடி கிடைத்தது. ஆகவே அவர்கள் கொடுக்க வேண்டியது 20,680 டாலர். புதிய காரின் தொடக்க விலை 29,990 டாலர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 9,310 டாலர். மின் கார் வாங்குவோருக்கு அமெரிக்க அரசு அப்போது அளித்த 7,500 டாலர் வரை வரிச் சலுகை இரண்டு கார்களுக்கும் பொது. சமன்பாட்டின் இரு பக்கத்திலும் ஒரே எண் இருந்தால் அதை அடித்துவிடுகிறோம் அல்லவா? அதுபோல் இதையும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

இந்த 9,310 டாலர் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறு தொகை அன்று. அதைக் கொடுத்தால் என்ன கிடைக்கிறது?

ஒரே இடத்தில் கூடுதல் ஆற்றல்

மின் காரின் 'எரிபொருள் தொட்டி' அதன் மின்கல அடுக்குதான். அதன் கொள்ளளவைக் கிலோவாட் மணியில் குறிப்பிடுவர். நம் வீட்டு மின் கட்டணக் கணக்கில் ஒரு 'யூனிட்' என்று எழுதப்படுவதும் இதே கிலோவாட் மணிதான். பழைய காரின் அடுக்கு 30 யூனிட் கொள்ளும். புதியது 40 யூனிட் கொள்ளும்.

வியப்பு என்னவென்றால் இரண்டிலும் இருப்பவை 192 லித்தியம் அயனி மின்கலங்களே. அடுக்கு அடைக்கும் இடமும் ஏறத்தாழ ஒன்றே. பழைய காரில் ஒரு மின்கலத்தின் பங்கு 30,000 ÷ 192 = 156 வாட் மணி. புதிய காரில் 40,000 ÷ 192 = 208 வாட் மணி. மின்கலத்தின் உள்ளே இருக்கும் பொருள்களையும் அமைப்பையும் திருத்தி, அதே இடத்தில் கூடுதல் ஆற்றலை அடக்கியிருக்கிறார்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கண்ட அளவின்படி, ஒருமுறை மின்னேற்றினால் பழைய கார் 107 மைல், அதாவது 172 கி.மீ. ஓடும். புதிய கார் 151 மைல், அதாவது 243 கி.மீ. ஓடும். மோட்டாரின் திறனும் 80 கிலோவாட்டிலிருந்து 110 கிலோவாட்டாக உயர்ந்தது.

ஆனால் 100 மைல் ஓடுவதற்கு இரண்டு கார்களும் வீட்டு மின்சாரத்தில் செலவிடுவது ஒரே அளவு: 30 யூனிட். நூறு கி.மீ.க்கு 18.6 யூனிட். இதை நன்றாகக் கவனியுங்கள். 'புதிய கார் சிக்கனமாக ஓடும், கூடுதல் விலையை மின் கட்டணத்தில் மிச்சம் பிடித்துவிடலாம்' என்று ஒருவர் எண்ணினால் அது தவறு. புதிய காரில் தொட்டி பெரிதாயிற்று, சிக்கனம் கூடவில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் அந்தப் பெரிய தொட்டி தேவைப்படுமா என்பதே கேள்வி.

முதுமையும் குளிரும்

விளம்பரத்தில் காணும் 172, 243 என்ற எண்கள் புதிய காருக்கு உரியவை. மிதமான தட்பவெப்பத்துக்கு உரியவை. வாங்கும் காரோ பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். எனவே இரண்டு கழிவுகளைச் செய்தாக வேண்டும்.

முதலாவது, முதுமை. லித்தியம் அயனி மின்கலத்தில் மின்னேற்றமும் மின்னிறக்கமும் நிகழும்போது, லித்தியம் அயனிகள் இரு மின்வாய்களுக்கிடையே போய் வருகின்றன. கூடவே வேண்டாத சில வேதிவினைகளும் மெல்ல நடக்கின்றன. எதிர்மின்வாயின்மீது ஒரு மெல்லிய படலம் வளர்ந்து லித்தியத்தில் ஒரு பகுதியைச் சிறைப்பிடித்துக்கொள்கிறது. சிறைப்பட்ட லித்தியம் மீண்டும் வேலைக்கு வருவதில்லை. கொள்ளளவு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

லீஃப் காரின் முகப்பில் மின்கல அடுக்கின் நலத்தைக் காட்டப் பன்னிரண்டு கோடுகள் உண்டு. எட்டு ஆண்டு அல்லது 1,00,000 மைலுக்குள் அவை ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் பழுது நீக்கித் தருவதாக இவ்விரு கார்களுக்கும் நிறுவனம் உறுதியளித்தது. ஒன்பது கோடு என்பது தொடக்கக் கொள்ளளவில் ஏறத்தாழ 70 விழுக்காடு. அதுவரை தேய்ந்தால் நிறுவனத்தைக் கேட்க முடியாது. ஆகவே நாம் 0.7 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம்.

பழைய கார்: 172 × 0.7 = 120 கி.மீ.
புதிய கார்: 243 × 0.7 = 170 கி.மீ.

புதிய கார் 70 விழுக்காடாகத் தேய்ந்த பிறகும், பழைய கார் புதிதாய் இருந்தபோது ஓடிய தொலைவை ஏறக்குறைய ஓடிவிடுகிறது! கூடுதல் பணம் உண்மையில் வாங்கித் தருவது இந்த ஆயுளைத்தான்.

இரண்டாவது, குளிர். பெட்ரோல் காரில் எஞ்சின் வீணாக்கும் வெப்பமே பயணிகளுக்குக் கணப்பாகிவிடுகிறது. மின் காரிலோ அந்த வெப்பத்தையும் மின்கல அடுக்கிலிருந்தே எடுக்க வேண்டும். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2019இல் ஐந்து மின் கார்களைச் சோதித்தது. வெளி வெப்பநிலை ஏறத்தாழ −7 டிகிரி செல்சியசாக இருந்து, உள்ளே கணப்பும் இயங்கியபோது, ஓடும் தொலைவு சராசரியாக 41 விழுக்காடு குறைந்தது. எஞ்சுவது 59 விழுக்காடு.

பழைய கார், தேய்ந்த பின், கடுங்குளிரில்: 120 × 0.59 = 71 கி.மீ.
புதிய கார், தேய்ந்த பின், கடுங்குளிரில்: 170 × 0.59 = 100 கி.மீ.

இப்போது கையில் இருப்பவை 172, 243 அல்ல, 71, 100. குளிர்ப் பகுதியில் வாழும் குடும்பம் ஒப்பிட வேண்டிய எண்கள் இவையே.

மூன்று குடும்பங்கள்

குளிர் மிகுந்த ஊரில் மூன்று குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றும் இரவில் வீட்டில் மட்டுமே மின்னேற்றுகின்றன.

முதல் குடும்பத்தின் அன்றாடப் பயணம் போக வர 40 கி.மீ. பழைய காரின் மிகத் தாழ்ந்த எண்ணே 71. எட்டாம் ஆண்டுக் குளிர்காலத்திலும் 31 கி.மீ. மிச்சம். இவர்களுக்குத் தள்ளுபடிக் காரே போதும். 9,310 டாலரை வேறு தேவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் குடும்பத்துக்கு 90 கி.மீ. பழைய கார் புதிதாய் இருக்கையில் குளிரில் 101 கி.மீ. ஓடும். முதல் ஆண்டில் குறை தெரியாது. ஆனால் மின்கலங்கள் தேயத் தேய, ஒரு குளிர்கால மாலையில் வீட்டுக்குச் சில கி.மீ. முன்பே கார் நின்றுவிடும். புதிய கார் தேய்ந்த பின்னும் 100 கி.மீ. தரும். இவர்களுக்குத் தள்ளுபடிக் கார் மலிவானதன்று. சில ஆண்டுகளில் மறுபடியும் கார் வாங்க வைக்கும்.

மூன்றாம் குடும்பத்துக்கு 110 கி.மீ. இவர்களுக்குப் புதிய காரும் இறுதியில் போதாது. வேலை செய்யும் இடத்தில் மின்னேற்ற வசதி தேட வேண்டும். அல்லது இன்னும் பெரிய அடுக்குள்ள காருக்குக் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. அமெரிக்க வீடுகளின் சாதாரண மின் இணைப்பு 120 வோல்ட். அதில் 12 ஆம்பியர் எடுத்தால் திறன் 1.44 கிலோவாட். பத்து மணி நேர இரவில் கிடைப்பது 14.4 யூனிட். அதைக் கொண்டு ஏறத்தாழ 77 கி.மீ. ஓடலாம், கடுங்குளிரில் 46 கி.மீ. தொட்டி எவ்வளவு பெரிதாயினும் குழாயில் வரும் நீரின் அளவு மாறாது. 90 கி.மீ. செல்லும் குடும்பம் புதிய காரை வாங்கினாலும் 240 வோல்ட் இணைப்பையும் போட்டாக வேண்டும். முதல் குடும்பத்துக்கு அந்தச் செலவும் இல்லை.

மாறாதது எது?

புதிய மாதிரி என்றதும் எல்லாமே புதியவை என்று எண்ணிவிடுகிறோம். எது மாறவில்லை என்று கேட்பதும் அதே அளவு முக்கியம்.

பழைய லீஃபின் மின்கல அடுக்கில் திரவக் குளிர்விப்பு இல்லை. காற்றில் வெப்பம் தானே ஆறுவதற்கு விட்டிருந்தார்கள். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலில் ஒரு பொது விதி. மின்கலத்தின் வேண்டாத வினைகளும் வெப்பத்தில் விரைவடைகின்றன. அரிசோனா போன்ற வெப்பமிகு மாநிலத்தில் லீஃப் வைத்திருந்தோர் 2012ஆம் ஆண்டிலேயே கொள்ளளவு விரைவாகக் குறைவதைக் கண்டனர். அதன் பின்னரே கொள்ளளவுக்கான உறுதிமொழியை நிறுவனம் கொண்டுவந்தது.

2018 காரிலும் திரவக் குளிர்விப்பு வரவில்லை. மின்னோட்டம் I, அகமின்தடை R என்றால் ஒவ்வொரு நொடியும் உண்டாகும் வெப்பம் I²R. விரைவு மின்னேற்றத்தில் மின்னோட்டம் மிகுதி. பெரிய அடுக்கு நிரம்ப நேரமும் கூடுதல். சேரும் வெப்பமும் கூடுதல். எனவே நெடுஞ்சாலையில் நாள் முழுதும் ஓடி, இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ விரைவாக மின்னேற்ற முயன்றபோது, மின்கலங்களைக் காக்கும் பொருட்டுக் காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டது. பயணிகள் நீண்ட நேரம் காத்திருந்தார்கள். விரைவு மின்னேற்றச் செருகியும் பழைய 'சாடெமோ' வகையாகவே தொடர்ந்தது.

2025இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை லீஃபில்தான் திரவக் குளிர்விப்பு வந்தது. அமெரிக்க மாதிரியில் செருகியும் மாறியது. அடுக்கு 75 யூனிட். ஓடும் தொலைவு 303 மைல் வரை. ஆகவே 2017இல் வாங்க நின்றவருக்கும் 2025இல் வாங்க நின்றவருக்கும் கேள்வி ஒன்றாகத் தோன்றினாலும் விடை ஒன்றல்ல. முதல் மாற்றத்தில் பெரும்பாலும் தொட்டி பெரிதாயிற்று. இரண்டாவதில் தொட்டியைக் காக்கும் முறையே மாறியது. வெப்பமான ஊரில் வாழ்பவருக்கும் அடிக்கடி நெடும்பயணம் செல்பவருக்கும் இரண்டாவது மாற்றம் பெரிது.

முடிவாக

தள்ளுபடி என்பது ஏதோ ஒரு குறைக்கு ஈடாகத் தரப்படும் விலை. அந்தக் குறை என்ன, அது நம் வாழ்க்கையைத் தொடுமா என்று பார்க்க வேண்டும். நம்மைத் தொடாத குறைக்குக் கிடைக்கும் தள்ளுபடி நமக்கு லாபம். தொடும் குறைக்குக் கிடைக்கும் தள்ளுபடி பிற்காலக் கடன். முதலில் நம் தேவையை அளக்க வேண்டும். பிறகு முதுமைக்கும் பருவ நிலைக்கும் கழித்து எஞ்சும் எண்ணோடு அதை ஒப்பிட வேண்டும். விலையைப் பார்ப்பது அதற்கு அடுத்தபடியே.

நீங்களே செய்து பாருங்கள்

1. 2019ஆம் ஆண்டு மாதிரியில் 62 யூனிட் அடுக்குள்ள லீஃபும் கிடைத்தது. அது 364 கி.மீ. ஓடும் என அளக்கப்பட்டது. எட்டு ஆண்டுத் தேய்வுக்கும் கடுங்குளிருக்கும் கழித்தால் எஞ்சுவது எவ்வளவு? மூன்றாம் குடும்பத்துக்கு அது போதுமா? (விடை: ஏறத்தாழ 150 கி.மீ.; போதும்.)

2. அதே 2019 சோதனையில், 35 டிகிரி வெப்பத்தில் குளிர்சாதனம் இயங்கியபோது தொலைவு சராசரியாக 17 விழுக்காடே குறைந்தது. அப்படியானால் வெப்பமான ஊரில் பழைய கார் தேய்ந்த பின்னும் 172 × 0.7 × 0.83 = 100 கி.மீ. ஓடும் என்று ஒருவர் கணக்கிடுகிறார். இக்கணக்கில் எந்த எண்ணை நீங்கள் ஐயப்படுவீர்கள்? ஏன்? உங்கள் அறிவியல் ஆசிரியரோடு கலந்து பேசுங்கள்.