சித்தன்னவாசல் தாமரைக் குளமும் நம் வீட்டு மாலைப்பொழுதும்

சாலை, குடிநீர், பள்ளிக் கட்டிடம், கண்மாய் மராமத்து ஆகியவற்றையே கிராம வளர்ச்சி என்று நாம் பெரும்பாலும் கருதி வருகிறோம். இவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும், விளக்கு வைத்தது முதல் உறங்கும் வரை ஒரு குடும்பம் தன் பொழுதை எவ்வாறு கழிக்கிறது என்பதும் வளர்ச்சியைச் சார்ந்த கேள்வியே ஆகும். பகலெல்லாம் வயலிலும் வேலைத்தலத்திலும் பள்ளியிலும் பிரிந்திருப்போர் ஒன்றுகூடும் நேரம் அஃது ஒன்றே. குழந்தை புதுச்சொற்களைக் கற்பதும், மூத்தோர் தம் அனுபவத்தை இளையோர்க்கு வழங்குவதும் அந்த நேரத்திலேதான்.

இன்று அந்த நேரத்தைக் கைப்பேசியும் தொலைக்காட்சியும் எடுத்துக்கொண்டுள்ளன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, பாடங்கள் கைப்பேசி வழியாகவும் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் வந்தன. கல்வியின் பொருட்டு வீட்டினுள் வந்த கருவி, கல்வி முடிந்த பின்னும் குழந்தையின் கையிலேயே தங்கிவிட்டது. கிராமசபைக் கூட்டங்களில் தாய்மார் பலர் இக்குறையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிவுரையின்படி, 2 வயது நிரம்பாத குழந்தைகளைத் திரையின் முன் அமர்த்துதல் தகாது. 2 முதல் 4 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது. அதனினும் குறைந்தால் நலம்.

கைப்பேசியைப் பிடுங்கி வைத்தலால் மட்டும் பயன் விளையாது. வெறுங்கையுடன் அமர்ந்திருக்கும் குழந்தை மீண்டும் அதையே நாடும். ஆதலின் அக்கைக்கு வேறொரு வேலை தருதல் வேண்டும். செலவின்றி, எளிதில், குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து செய்யத்தக்க வேலை சித்திரம் தீட்டுதல். அதற்கு வழிகாட்டி நம் மாவட்டத்திலேயே உள்ளது.

பாறை கற்பிக்கும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று அன்னவாசல். அவ்வொன்றியத்தைச் சேர்ந்த சித்தன்னவாசலில், பாறையைக் குடைந்து அமைத்த சமணக் கோயில் ஒன்று இருக்கிறது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அதனைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதன் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மலர்ந்த தாமரைகள், மொட்டுகள், இலைகள், மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், மலர் கொய்யும் மாந்தர் மூவர் ஆகிய யாவும் அக்குளத்தில் உள்ளன.

அவ்வோவியர்கள் பயன்படுத்திய பொருள்கள் யாவை? பாறையின் மீது சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன்மேல் வெள்ளைக்குச் சுண்ணாம்பையும், கறுப்புக்கு மரக்கரியையும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண்ணையும் கொண்டு தீட்டினர். கரியும் காவியும் இன்றும் நம் வீட்டருகே கிடைப்பவையே. மண்ணிலிருந்தும் தாதுக்களிலிருந்தும் பெறும் நிறம் வெயிலுக்கு எளிதில் மங்குவதில்லை. மஞ்சள் கிழங்கு, பூ, இலை ஆகியவற்றின் நிறமோ சில நாட்களிலேயே வெளிறிவிடும். அக்குளம் பல இடங்களில் சிதைந்திருந்த போதிலும், 1,100 ஆண்டுகளுக்குப் பின்னும் கண்ணுக்குத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நிறம் ஆக்கும் முறை

சிவப்பு: நம் மாவட்டத்தின் பல பகுதிகளில் செம்மண்ணுக்குப் பஞ்சமில்லை. தூய இடத்து மண்ணை உலர்த்திப் பொடித்து, நீரில் கரைத்துக் கலக்குக. ஒரு நிமிடம் கழிந்ததும், அடியில் தங்கும் மணலை விடுத்து, கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துக் கொள்க. மறுநாள் தெளிந்த நீரை இறுத்துவிட்டால், அடியில் நிற்கும் மெல்லிய வண்டலே நிறமாகும்.

கறுப்பு: கொட்டாங்கச்சிக் கரியை அம்மியில் நன்கு அரைத்துக் கொள்க.

வெள்ளை: மாக்கோலத்திற்கு அரைப்பது போன்றே ஊறவைத்த பச்சரிசியை அரைத்துக் கொள்க.

மஞ்சளுக்கு மஞ்சள் தூளும், நீலத்திற்குச் சங்குப்பூச் சாறும், பச்சைக்குக் கீரைச் சாறும் போதும்.

நிறம் தாளில் ஒட்டுவதற்குப் பசை வேண்டும். கெட்டியான சோற்றுக் கஞ்சி அன்றைய உபயோகத்திற்கு உதவும்; மறுநாள் புளித்துவிடும். கருவேலம் பிசினை இரவெல்லாம் ஊறவைத்து வடித்த நீர் இதனினும் நன்று. இரண்டு கரண்டி நிறத்திற்கு ஒரு கரண்டி பிசின்நீர் என்று தொடங்கலாம். உலர்ந்தபின் விரலில் பொடி ஒட்டினால் பிசின் போதவில்லை. வெடிப்புக் கண்டால் பிசின் மிகுந்துவிட்டது எனக் கொள்க.

வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கி நாராக்கினால் தூரிகை கிடைத்துவிடும். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம், உடைந்த ஓடு, தட்டையான கல் ஆகியவற்றின் மீதெல்லாம் தீட்டலாம்.

நான்கு மாலைகள்

முதல் மாலையில் நிறங்களை மட்டும் ஆக்குக. குழந்தைகட்கு அரைத்தலும் கரைத்தலுமே பெரு விளையாட்டாகும். ஒவ்வொரு நிறத்தையும் தாளில் ஒரு பொட்டு வைத்து, அருகே அதன் பெயரை எழுதச் செய்க. எழுத்துப் பயிற்சியும் உடன் நடைபெறும்.

இரண்டாம் மாலை தாமரைக் குளத்திற்கு உரியது. நான்கைந்து நாட்காட்டித் தாள்களை ஒட்டிப் பெரிய தாளாக்கி, நடுவே விரித்து வைத்து, அனைவரும் சுற்றி அமர்க. ஒருவர் தாமரை, ஒருவர் மீன், ஒருவர் யானை எனப் பங்கிட்டுக் கொள்க. யாருடைய மீன் அழகியது என்ற பேச்சு வேண்டா. குளம் நிறைந்தால் அதுவே வெற்றி.

மூன்றாம் மாலையில் ஒரு வேடிக்கை செய்யலாம். தாள் முழுவதும் மஞ்சள் நீர் பூசி உலரவிடுக. பின்னர்ச் சமையல் சோடா கரைத்த நீரில் குச்சியைத் தோய்த்து வரைந்தால் கோடு செம்பழுப்பாகத் தோன்றும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பிட்டால் ஆரத்தி சிவப்பதை அறியாத தாய்மார் இல்லை. காரப்பொருள் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்ற விஞ்ஞான உண்மையே அது. இதனைப் பாட்டியே பேரப்பிள்ளைகட்கு விளக்கலாம்.

நான்காம் மாலையில் ஊர்ப்படம் தீட்டுக. தாத்தா தம் இளமையில் கண்ட ஊரைச் சொல்ல, குழந்தைகள் வரைய வேண்டும். கண்மாய், மடை, கலுங்கு, ஊருணி, ஐயனார் கோயில், வரத்து வாய்க்கால் ஆகியவை எங்கெங்கே இருந்தன? இன்று எவை எஞ்சியுள்ளன? இப்படங்கள் விளையாட்டோடு முடிந்துவிடுவன அல்ல. தூர்ந்து மறைந்த வாய்க்கால் எந்த வழியே ஓடிற்று என்பதை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் நினைவில் உள்ளதைத் தாளில் ஏற்றிக் கிராமசபைக்குக் கொணர்ந்தால், கண்மாய்ப் பணிகளைத் திட்டமிடுகையில் அது பேருதவியாகும். பின்பு அளந்தும் பதிவேடுகளைப் பார்த்தும் சரிபார்த்துக் கொள்ளலாம். ஆனால் எங்கே தேடுவது என்பதை முதலில் சொல்ல ஒருவர் வேண்டுமன்றோ?

கருத்திற் கொள்ள வேண்டியவை

சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையும். சிறுவர் கையில் அதனைத் தரலாகாது. பழைய மின்கலத்தை உடைத்து அதன் கரியை எடுத்தல் கூடாது. ஊமத்தை, அரளி, எருக்கு ஆகியவற்றின் இலையும் பூவும் நஞ்சுடையவை; நிறத்தின் பொருட்டும் அவற்றைத் தொட வேண்டா. சித்தன்னவாசலுக்குச் செல்வோர் அங்குள்ள ஓவியங்களைக் கையால் தொடாதிருத்தல் வேண்டும்.

வேறொன்றும் கூறுதல் அவசியம். மாலைப்பொழுது தாய்க்கு ஓய்வுப்பொழுது அன்று. கூலி வேலை முடிந்து வந்து, அடுப்பையும் அவளே பார்க்கிறாள். இந்தச் சித்திர வேலையும் அவள் தலைமீதே விழுமாயின், ஒரு வாரத்திலேயே நின்றுவிடும். தாள் விரிப்பதும், பாத்திரம் கழுவுவதும், தரையைத் துடைப்பதும் தந்தையின் பொறுப்பாதல் வேண்டும். அவ்வாறாயின் நாள்தோறும் வாசலில் கோலமிட்டுப் பழகிய தாயின் கை, அந்த ஒரு மணி நேரம் ஆசிரியர் கையாக விளங்கும். புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தை இழுப்பவளுக்குக் கோட்டின் இலக்கணத்தை வேறெவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் பெரியோரின் கைப்பேசியும் பரணில் இருத்தல் வேண்டும். தந்தை திரையைப் பார்த்துக்கொண்டே மகனைத் தடுத்தால், அச்சொல் நில்லாது. நாள்தோறும் இயலாவிடினும் வாரத்தில் இரண்டு மாலைகள் போதும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இம்முறையைத் தம் கூட்டத்தில் ஒருமுறை செய்து பார்க்கலாம். அங்கன்வாடிச் சுவரிலும் ஊர் நூலகத்திலும் குழந்தைகளின் படங்களை மாதம் ஒருமுறை மாட்டி வைக்கலாம். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.

குழுக்களில் கலந்து பேசச் சில வினாக்கள்

1. நம் ஊரில் எத்தனை நிறத்து மண் கிடைக்கிறது? எந்தெந்த இடத்தில்?

2. மண் நிறம் நிலைப்பதும் பூவின் நிறம் வெளிறுவதும் காண, இரண்டையும் ஒரே தாளில் தீட்டி ஒரு மாதம் வெயிலில் வைத்துப் பார்த்தோமா?

3. மாலையில் தாயின் வேலைகளுள் எவற்றை வீட்டிலுள்ள மற்றையோர் ஏற்றுக்கொள்ள இயலும்?

4. மறைந்துபோன வாய்க்கால்களை அறிந்த முதியோர் நம் ஊரில் யார் யார்? அவர்களோடு அமர்ந்து ஊர்ப்படம் தீட்டப்போவது எந்த வீட்டுக் குழந்தைகள், எந்த மாலையில்?