பல வண்டிப் பாகங்களில் ஒரு மண்பாதை பைக்

ஃபோர்க் ஒரு வண்டி, வீல் இன்னொரு வண்டி என்று சேர்த்துக் கட்டுகிறீர்களா? ஓட்டும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. ஃபோர்க் வாங்கும் முன் ஸ்டெம் நீளம், கோன்செட் அளவு இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் ஹேண்டில் இறுகும் அல்லது ஆடும்.

2. செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நம்பராக இருக்கட்டும். 428 செயின் 520 பல்லில் உட்காராது.

3. பின் ஸ்ப்ராக்கெட்டின் பக்கவாட்டில் நேரான கம்பியை வைத்து, முன் ஸ்ப்ராக்கெட்டோடு நேர் பிடியுங்கள். கோணினால் செயின் கழன்றுவிடும்.

4. ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை வண்டியில் பூட்டி முழுதாக அழுத்திப் பாருங்கள். டயர் மட்கார்டில் உரசுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

5. எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் நீளம் போதவில்லை.

6. சொந்த நிலத்தில் மட்டும் ஓட்டுங்கள். ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுக்கு விரோதம்.