வலி நின்றால் பல் பிழைத்ததா?

அன்புள்ள கயலுக்கு,

ராத்திரியெல்லாம் தூங்கவிடாத கடைவாய்ப் பல் வலி தானாகவே நின்றுவிட்டது, இனி ரூட் கெனால் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். வலி நின்றதுதான் எனக்குக் கவலை.

பல்லின் மேலே எனாமல், அதற்குள் டென்டின், நடுவே பற்கூழ். நரம்பும் இரத்தக் குழாய்களும் கூழில்தான் இருக்கின்றன. இனிப்பைத் தின்று கிருமிகள் உண்டாக்கும் அமிலம் எனாமலை அரித்து டென்டினை எட்டினால், ஐஸ்கிரீம் பட்டதும் கூசும், உடனே அடங்கும். அப்போதே போனால் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிடுவார்கள். கிருமி கூழுக்கே போய்விட்டால் அது வீங்கும். சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை. படுத்ததும் தெறிக்கிற வலி அதனால்தான். கடைசியில் கூழ் செத்துப்போகும், வலியும் நிற்கும். கிருமி மட்டும் நிற்காமல் வேர்நுனி வழியே தாடை எலும்பில் இறங்கிச் சீழ் வைக்கும். செத்த கூழுக்கு இரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே நீ விழுங்கும் ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேராது.

உள்ளே இறங்கித்தான் சுத்தம் செய்ய வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, எச்சில் புகாமல் ரப்பர் ஷீட் கட்டி, பல்லில் துளையிட்டு, மெல்லிய ஃபைல்களால் கூழை எடுப்பார்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவார்கள். முன்பல்லில் கூழ் இருக்கும் வேர்க்கால்வாய் பெரும்பாலும் ஒன்றே. மேல் கடைவாய்ப் பல்லில் நான்குகூட இருக்கும். ஒன்று விட்டுப்போனாலும் நோய் திரும்பக் கூடும், எக்ஸ்ரே எடுப்பது அதற்குத்தான். பிறகு கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் கால்வாயை அடைப்பார்கள். குடைந்த கடைவாய்ப் பல் மெல்லும்போது பிளந்துவிடக் கூடும் என்பதால் மேலே கேப். கேப் போடாமல் பாதியில் நின்றுவிடாதே.

கூழ் போனால் பல் செத்துவிடாதா? வளர்ந்த பல்லுக்கு அது இன்றியமையாததல்ல. வேரைச் சுற்றியுள்ள திசு நலமாக இருந்தால் பல் எலும்பில் உறுதியாக நிற்கும்.

"ரூட் கெனால் செய்த பல் உடம்புக்குக் கேடு, பிடுங்கிவிடு" என்பார்கள். 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வாயில் உள்ள சீழே பல நோய்களுக்கு மூலம் என்று மான்ட்ரியாலில் பேசினார். அந்தக் கருத்து பரவி, காப்பாற்றியிருக்கக் கூடிய பற்களையும் பிடுங்கினார்கள். பிற்கால ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டின. பிடுங்கினால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் அந்த இடைவெளியை நோக்கி நகரும். வேர் பிளந்துபோன பல்லைப் பிடுங்குவது வேறு விஷயம்.

முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், இந்த வாரமே பல் டாக்டரைப் பார்த்துவிடு.

அன்புடன்,
சித்தி