நெஞ்சு கரித்தால் முடி, இடுப்பில் தூக்கினால் வில்லுக்கால்?

மசக்கை தீர்ந்து, வயிறு தெரிய ஆரம்பித்து, வளைகாப்புக்கு நாள் பார்க்கும் மாதங்களில்தான் புள்ளத்தாச்சிப் பெண்ணின் காதில் அறிவுரை அதிகம் விழும். அப்பாயி ஒன்று சொல்வார், நாத்தனார் இன்னொன்று சொல்வார், வயலில் கூட நடவு நடுகிற பெண்கள் வேறொன்று சொல்வார்கள். எல்லாமே அக்கறையில் வரும் சொற்கள்தான். ஆனால் தஞ்சாவூரைச் சுற்றியுள்ள ஊர்களில் புழங்கும் இந்த நம்பிக்கைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு கோணல் கண்ணில் படுகிறது. தீங்கே இல்லாத தொந்தரவுக்குப் பயமுறுத்தும் கதை இருக்கிறது. உண்மையான ஆபத்தின் அறிகுறிக்கோ, “அதெல்லாம் சகஜம்மா” என்ற சமாதானம்தான் கிடைக்கிறது. பிறந்த குழந்தையைத் தூக்கிச் சுமக்கும் விஷயத்திலும் அப்படியே.

“நெஞ்சு கரிச்சா குழந்தைக்கு முடி நிறைய இருக்கும்”

இதில் பாட்டிமார் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 64 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். நெஞ்சு கரிப்பு ஓரளவோ கடுமையாகவோ இருந்த 28 பேரில் 23 பேரின் குழந்தைகளுக்குச் சராசரி அளவோ அதற்கு மேலோ முடி இருந்தது. கரிப்பே இல்லாத 12 பேரில் 10 பேரின் குழந்தைகளுக்கு முடி குறைவு. குழந்தையின் முடி வயிற்றைக் குத்துவதால் கரிப்பதில்லை. கர்ப்ப கால ஹார்மோன்கள் இரைப்பையின் மேல்வாய்த் தசையைத் தளர்த்துவதால் அமிலம் மேலேறுகிறது. அதே ஹார்மோன்களுக்கு முடி வளர்ச்சியிலும் பங்கு இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சின்ன ஆய்வு அது. அதற்கு மேல் அதில் எதையும் ஏற்றிச் சொல்லக் கூடாது.

கரிப்பைத் தணிக்க, மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளலாம். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும். தலைப்பக்கம் மட்டுமல்லாமல் தோள் வரை உயர்த்திப் படுத்தால் நல்லது. ஆனால் ஐந்து மாதம் தாண்டியபின் வலது விலாவுக்குக் கீழே, மேல்வயிற்றில் விடாமல் வலித்தால் அதைக் கரிப்பு என்றோ வாயு என்றோ எண்ணி இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அது இரத்த அழுத்தக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம்.

“அஞ்சு மாசத்துக்கு மேல கால் வீங்கத்தான் செய்யும்”

நான் மிகவும் கவலைப்படும் சமாதானம் இது. பாதி உண்மை என்பதால்தான் கவலை. நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் கணுக்கால் வீங்கும். இரவு காலை உயர்த்திப் படுத்தால் காலையில் வடிந்துவிடும். அந்த வீக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். காலையில் எழும்போதே முகம் உப்பியிருந்தால், மோதிரம் கழற்ற முடியாமல் இறுகினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், கண்முன் மின்னல் போலத் தெரிந்தால் கதையே வேறு. 20 வாரங்களுக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதமும் வெளியேறும் நிலையில் தாய்க்கு வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். வீக்கம் வடியப் பார்லிக் கஞ்சி குடிப்பதில் தீங்கில்லை. ஆனால் அது இந்த நோயைத் தணிக்காது. சோற்றில் உப்பைக் குறைப்பதும் தடுக்காது. கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு முறையும் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பது இதற்காகத்தான். அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் அது நீர் அல்ல, நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தப் பிடிப்பு, கால் விரல்களை முழங்காலை நோக்கி மடக்கி நீவினால் சில நிமிடத்தில் விட்டுவிடும்.

“எழுந்து உக்காந்து புரண்டு படு, இல்லேன்னா கொடி சுத்திக்கும்”

இந்த ஒரு வாக்கியம் எத்தனை பெண்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது! பிறக்கும் குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு ஏறக்குறையத் தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருப்பது உண்டு. பனிக்குட நீரில் குழந்தை தானே புரள்வதால் வருவது அது. அம்மா எந்தப் பக்கம் திரும்பினாலும் கொடிக்குத் தெரியாது. பெரும்பாலும் அது தளர்வாகவே இருக்கும். பிரசவம் பார்ப்பவர் விரலால் விலக்கிவிடுவார். இருந்தாலும் மல்லாந்த நிலையிலிருந்து வெடுக்கென்று எழுந்தால் கருப்பையைத் தாங்கும் நாண்கள் சுண்டி, அடிவயிற்றின் ஓரத்தில் குத்தும். அதனால் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுவது நல்லது. அந்தக் குத்தலைத் தவிர்க்க அப்படிச் செய்யுங்கள், கொடிக்காக வேண்டாம்.

“சத்து மாத்திரை போட்டா குழந்தை கறுத்துடும், பெருத்துடும்”

நெல் விளையும் பூமியில் சொல்ல வேண்டிய பெரிய விஷயம் இதுதான். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் இரத்த சோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் அப்படி இருந்தார்கள். தமிழ்நாட்டிலும் நிலைமை பாதிக்கு அருகில்தான். நான்காம் மாதம் தொடங்கித் தினம் ஒன்றாக 180 நாள் தரப்படும் மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவில் தீர்மானமாகிறது. அதை இரும்பும் கறுப்பாக்காது, குங்குமப்பூவும் சிவப்பாக்காது. கறுப்பாவது மலம் மட்டும்தான். அதனால் கெடுதல் இல்லை.

பச்சரிசியை வாயில் போட்டு மெல்லும் பழக்கத்தையும் இங்கே சேர்த்துப் பேச வேண்டும். அரிசி களைகிறபோது ஒரு பிடி, புடைக்கிறபோது ஒரு பிடி என்று போகும். சிலருக்கு அடுப்புச் சாம்பல், சிலருக்கு செம்மண், சிலருக்குச் சிலேட்டுக் குச்சி. “மாசமா இருக்கிறவ ஆசை, விடு” என்பார்கள். உணவல்லாததையும் வேகாததையும் தின்னத் தோன்றும் அந்த வேட்கை, பல நேரம் உடம்பில் இரும்பு குறைந்திருப்பதன் அடையாளம். மண்ணோடு புழு முட்டையும் உள்ளே போகும். அரிசி மெல்கிற பெண்ணை அதட்டிப் பயனில்லை. இரத்தம் பார்க்க அழைத்துப் போங்கள். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சும். அதனால்தான் மூன்று மாதம் கடந்தபின் பூச்சி மாத்திரை ஒன்று தருகிறார்கள்.

மாத்திரை உடம்பில் சேர வேண்டுமானால் காபியைத் தள்ளி வைக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் டிகிரி காபி குடிக்கும் ஊர் இது. காபியும் டீயும் பாலும் இரும்பை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையும் அப்படித்தான், இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

குழந்தை பெருத்தால் ஆபரேஷன் என்று பயந்து சாப்பாட்டைக் குறைப்பவர்களும் உண்டு, இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொல்பவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிக்குச் சொல்லும் கூடுதல் அளவு நாளுக்கு 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இரும்பு மாத்திரையால் மலச்சிக்கல் வரும்போது விளக்கெண்ணெயைத் தேடுகிறார்கள். பாபநாசம் பக்கத்துத் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் தரும் விளக்கெண்ணெய், பிரசவ வலி நேரத்தில் வயிற்றின் மேல் தடவிக்கொள்ளத் தருவது. தடவுவதில் தவறில்லை. விளக்கெண்ணெயைக் குடித்தால் குடலோடு கருப்பையும் சுருங்கும், ஆறாம் மாதத்தில் அது வேண்டாத வேலை. கீரை, வாழைப்பழம், போதிய தண்ணீர், அப்படியும் சரியாகாவிட்டால் மருத்துவர் தரும் மருந்து.

“குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சா சுகப்பிரசவம்”

நடப்பதும் அளவான வீட்டு வேலையும் நல்லவையே. ஆனால் இந்தச் சொல்லைக் காட்டிக் கர்ப்பிணியைக் குறுவை நடவுக்கு வெயிலில் இறக்குவதை ஏற்க முடியாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் எனக் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2024-ல் தெரிவித்தார்கள். கூலி போய்விடும் என்பதால் நிறுத்த முடியாத பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு விடியற்காலை வேலை, நிழலில் ஓய்வு, தண்ணீர், இடையில் சிறுநீர் கழிக்க மறைவிடம் இவற்றைச் செய்து தருவது மிராசுதாரரின் கடமை, குழுத் தலைவியின் கடமை.

இடுப்பில் மூத்த பிள்ளை இருந்தால் வயிற்றில் இருப்பது நசுங்கும் என்பதும் பொய். கருப்பையும் பனிக்குட நீரும் நன்றாகவே காக்கின்றன. உட்கார்ந்து பிள்ளையை மடியில் ஏறச் செய்து, முதுகை வளைக்காமல் தூக்குங்கள். இரத்தக் கசிவோ குறைப்பிரசவ அபாயமோ இருப்பவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும்.

“தூக்கித் தூக்கிப் பழக்காதே, கை பழகிடும்”

இனி பிறந்த பிள்ளை. 1986-ல் கனடாவில் நடந்த ஒரு சோதனையில், வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதன. கைச்சூடு கெடுதல் அல்ல. எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைக்கும் கங்காரு முறை 1978-ல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கியது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் உயிர்காக்கும் சிகிச்சை.

காலை அகட்டி இடுப்பில் உட்கார வைத்தால் வில்லுக்கால் ஆகும் என்பது இன்னொரு பயம். எல்லாக் குழந்தைக்கும் முதல் ஒன்றரை இரண்டு வயது வரை கால் சற்று வளைந்துதான் இருக்கும், பிறகு நிமிரும். தவளை போலத் தொடை விரிந்திருப்பதுதான் இடுப்பு மூட்டு நன்றாக உருவாக ஏற்ற நிலை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியபின் “கால் கோணாம இருக்க” என்று இரண்டு காலையும் நீட்டித் துணியால் இறுக்கிக் கட்டுவதுதான் மூட்டை விலகச் செய்யும். ஜப்பானில் 1975-ல் அப்படிக் கட்ட வேண்டாம் என்று நாடு முழுவதும் சொல்லிப் பரப்பினார்கள். மூட்டு விலகல் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே பேபி கேரியர் வாங்கும்போது முதலில் இருக்கையைப் பாருங்கள். ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை தாங்க வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். கவட்டையில் மட்டும் பிடித்துக் காலைத் தொங்கவிடும் குறுகிய பட்டை வேண்டாம். அடுத்து எடை. பல கேரியர்களில் குறைந்தபட்சம் 3.5 கிலோ என்று எழுதியிருக்கும். நம் ஊரில் நிறையக் குழந்தைகள் 3 கிலோவுக்குக் கீழே பிறக்கின்றன. எடை ஏறும் வரை காத்திருங்கள். பிறக்கும் முன்னால் எதுவும் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்தால் இந்த ஒன்றில் அவர்கள் சொல்படியே கேளுங்கள், நட்டமில்லை. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்புப்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இடுப்புப் பட்டை தையலின் மேல் அழுத்தும் என்பதால், காயம் ஆறியபின் போட்டுப் பார்த்து வாங்குவதே சரி. நம் வெயிலுக்குப் பஞ்சு திணித்தது வேண்டாம், ஒற்றை மடிப்புப் பருத்தி போதும்.

பயப்பட வேண்டியது குழந்தையின் மூச்சுக்கு. பை போலத் தொங்கும் ஆழமான துணிக்குள் குழந்தை சுருண்டு, தாடை நெஞ்சில் ஒட்டினால் சத்தமின்றி மூச்சடைக்கும். இருபது ஆண்டுகளில் இப்படி 14 குழந்தைகள் இறந்ததாகவும், அவற்றில் 12 நான்கு மாதத்துக்கும் குறைந்தவை என்றும் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் எச்சரித்தது. நிமிர்ந்த நிலை, முகம் எப்போதும் கண்ணில் தெரிவது, குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரம், தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி: இவை இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். முந்தானையால் முகத்தை மூடாதீர்கள். புடவைத் தூளியிலும் கழுத்து மடங்கலாம். தூளியில் பிள்ளை இருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கேரியரில் பிள்ளையோடு அடுப்பருகே நிற்கவே கூடாது.

கடைசியாக, கேரியரில் கட்டிக்கொண்டால் டூவீலரில் பத்திரம் என்ற எண்ணம். வண்டி சாய்ந்தால் பெரியவரின் மொத்த எடையும் பிள்ளையின் மேல்தான் விழும். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. கேரியர் அந்தப் பட்டை ஆகாது. ஒன்பது மாதத்துக்குக் குறைந்த பிள்ளையை டூவீலரில் ஏற்றவே வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆனவர்களைப் பிள்ளையோடு வீட்டில் கொண்டுவந்து விட 102 தாய் சேய் ஊர்தி இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது.