தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்



"குளிர் பூமியில இருக்கிற நமக்கு வெயில் என்ன செய்யும்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். காற்று குளிராக இருந்தாலும் உயரமான மலையில் வெயிலின் உறைப்பு அதிகம். ஏப்ரல் 5 முதல் 15 வரை நண்பகலில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத் தோட்டங்களில் காற்றில் ஈரமும் கூட. அங்கே வேர்வை இலேசில் காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்.

இதில் கூடுதலாகப் பாதிக்கப்படுவது நம் வீட்டுப் பெரியவர்கள். வயது போகப் போக வேர்வையும் குறைகிறது, தாக உணர்வும் குறைகிறது. உடம்பில் தண்ணீர் வற்றினாலும் "எனக்குத் தாகமே இல்ல" என்பார்கள். அது பொய்யில்லை, அவர்களுக்குத் தெரிவதில்லை. கக்கூசு தூரம் என்று தண்ணீரைக் குறைப்பவர்களும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை:

1. மலைக்குப் போகுமுன் பெரியவர் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் வைப்போம். சாயத்தண்ணியும் நல்லதுதான், சீனி வருத்தக்காரருக்குச் சீனி வேண்டாம். மூத்திரம் கடும் மஞ்சளாகப் போனால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை.

2. விறகு பொறுக்குவது, மரக்கறித் தோட்ட வேலை எல்லாம் காலை 10 மணிக்கு முன் அல்லது மாலை 4 மணிக்குப் பின்.

3. தகரக் கூரைக் காம்பரா பகலில் அடுப்பு மாதிரி. இஸ்தோப்பில் அல்லது மர நிழலில் இருக்கச் செய்வோம்.

4. பிரஷர், இருதய, சிறுநீரக வருத்தங்களுக்குக் குளிசை எடுப்பவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கிளினிக்கில் கேட்க வேண்டும். குளிசையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

தலைசுற்று, தசைப்பிடிப்பு, சோர்வு வந்தால் நிழலில் படுக்கவைத்து, கொஞ்சங் கொஞ்சமாகத் தண்ணீர் அல்லது ஜீவனி கொடுங்கள். ஒரு பக்கற் ஜீவனிக்கு 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பேச்சு தடுமாறி, ஆளை அடையாளம் தெரியாமல், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது உயிராபத்து. காய்ச்சல் என்று நினைத்து கம்பளி போர்த்தி, பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். வெயில் சூட்டைப் பனடோல் இறக்காது. உடனே 1990க்கு அடித்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை. பள்ளி விட்டு வந்ததும் "தாத்தா, தண்ணி வேணுமா?" என்று கேட்காதீர்கள், வேணாம் என்றுதான் சொல்வார். கோப்பையில் ஊற்றி, "இந்தாங்க தாத்தா, குடிங்க" என்று கையில் கொடுங்கள்.