காற்றுக்கு வழி விடு, அல்லது வாசலை மூடு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் மீன்தொட்டிச் சத்தத்தை நீ போனில் பதிந்து அனுப்பியதைப் பலமுறை கேட்டேன். களக் களக் என்று விழுங்குகிறது, ஸ்ஸ் என்று உறிஞ்சுகிறது, கொஞ்சம் அடங்குகிறது, திரும்பவும் விழுங்குகிறது. ஆச்சி படுப்பது அந்த அறையில்தான் என்பதால் ராத்திரி மட்டும் மோட்டாரை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்தாதே. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றி, தண்ணீரை மீனுக்கு ஏற்றதாக வைத்திருப்பவை தொட்டிக்குக் கீழே உன் வடிகட்டித் தொட்டியான சம்பில் பஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதைக் கொண்டு சேர்ப்பது ஓடும் தண்ணீர். நீ வளர்ப்பதோ தங்கமீன். நிறையத் தின்று நிறையக் கழிக்கிற சாதி. மோட்டார் ஓடட்டும், குழாயைச் சரிசெய்வோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். குழாயை நிறைத்து, காற்றே இல்லாமல் இறங்கும் தண்ணீரிடம் காதை வைத்துப் பார்த்தால் அநேகமாக ஒன்றுமே கேட்காது. சத்தம் வருவது தண்ணீரில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழியிலிருந்து. உட்ரெக்ட் நகரத்து வானியலாளர் மார்செல் மின்னார்ட் 1933இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். குமிழி உருவாகும் நொடியில் அது சுருங்கி விரிந்து அதிர்கிறது. சின்னக் குமிழி கீச்சென்று ஒலிக்கும், பெரியது கனத்து ஒலிக்கும். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி வினாடிக்கு ஏறக்குறைய 3,260 தடவை அதிரும். ஆரம் 5 மில்லிமீட்டரானால் 650 தடவை. ‘ஸ்ஸ்’ என்பதும் ‘களக்’ என்பதும் வேறு வேறு அளவுக் குமிழிகள், அவ்வளவுதான். ஆகவே உனக்கு இருப்பவை இரண்டே வழிகள். காற்று தண்ணீரோடு சண்டை போடாமல் வந்துபோக ஒரு தனி வழி விடவேண்டும், அல்லது காற்று குழாய்க்குள் நுழையவே முடியாதபடி செய்யவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குழாய்தான் ராத்திரியெல்லாம் கத்துகிறது.

இது ஆச்சியின் தூக்கத்துக்காக மட்டும் அல்ல. தங்கமீனும் கெண்டையும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் நடுவே சின்னஞ்சிறு எலும்புகளின் தொடர் ஒன்று உண்டு. மற்ற பல மீன்களைவிட அவற்றுக்குக் காது கூர்மையாக இருப்பது அதனால்தான். நீ கேட்பதை அவையும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

இப்போது உன் குழாய் ஏன் விட்டு விட்டு விழுங்குகிறது என்று பார்ப்போம். ஆச்சி வீட்டுப் பரணில் வாசுதேவர் கிண்ணம் ஒன்று கிடக்கும், கேட்டு வாங்கிப் பார். வாசுதேவர் தலையில் குழந்தைக் கண்ணன் இருப்பான். தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் கண்ணன் காலைத் தொட்டதும் யமுனை வடிந்ததுபோலக் கிண்ணத்துத் தண்ணீர் முழுக்கக் கீழே ஒழுகிவிடும். பொம்மைக்குள் வளைந்த குழாய் ஒன்று ஒளிந்திருக்கிறது. தண்ணீர் அதன் வளைவைத் தாண்டியதும் குழாய் நிறைந்து இழுக்கத் தொடங்கும். காற்று புகும்வரை விடாது. தொட்டியில் வழியும் தண்ணீரை வாங்கும் உன் ஓவர்ஃப்ளோ பெட்டியில் நடப்பதும் இதேதான். மட்டம் ஏறிக் குழாய் வாயை மூடுகிறது, குழாய் நிறைந்து இழுக்கிறது, மோட்டார் தருவதைவிட வேகமாக இழுப்பதால் மட்டம் இறங்குகிறது, வாய் வெளியே தெரிந்ததும் காற்றை உறிஞ்சிக்கொண்டு அறுந்துபோகிறது. மறுபடி மட்டம் ஏறுகிறது.

எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று உன் பிளஸ் ஒன் இயற்பியலை வைத்தே கணக்கிடலாம். சம்பு வரை 60 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் உராய்வே இல்லாத தண்ணீர் வினாடிக்கு 3.4 மீட்டர் வேகம் எடுக்கும். எல்போவிலும் குழாய்ச் சுவரிலும் பாதி போய்விடுவதாக வைத்துக்கொள். உள்விட்டம் 25 மில்லிமீட்டர் உள்ள ஒரு இஞ்ச் குழாய் அப்போதும் மணிக்கு 3,000 லிட்டர் இறக்கிவிடும். உன் மோட்டார் தருவது எவ்வளவு? மோட்டார் வந்த அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாதே, அது உயரத்துக்கு ஏற்றாமல் அளந்தது. மோட்டாரிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப்பை 10 லிட்டர் வாளிக்குத் திருப்பிவிட்டு நேரம் பார். 30 வினாடியில் நிறைந்தால் மணிக்கு 1,200 லிட்டர். உன்னுடைய மூன்றடித் தொட்டி, 90 x 45 x 45 சென்டிமீட்டர், விளிம்பு வரை 182 லிட்டர் கொள்ளும். மணிக்கு ஆறேழு சுற்று அதற்குத் தாராளம். மோட்டாரைக் கூட்டாதே.

ஒரே ஒரு வடிகுழாய் வைத்திருப்பவர்களுக்கு முதல் வழி. ரிச்சர்ட் டர்சோ என்ற அமெரிக்க மீன்தொட்டி ஆர்வலர் பரப்பியதால் அதை டர்சோ குழாய் என்றே சொல்கிறார்கள். டேங்க் நிப்பிளிலிருந்து பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் குழாயின் தலையில் T வடிவ டீ இணைப்பு ஒன்றைப் போடு. டீயின் பக்கவாயில் எல்போவைக் கீழ்நோக்கித் திருப்பி மாட்டு. மேல்வாயை எண்ட் கேப்பால் மூடி, அதன் நடுவில் 2 மில்லிமீட்டர் துளை போடு. தண்ணீர் எல்போ வழியாக நீருக்கு அடியிலிருந்து நுழையும், காற்று மேலே துளை வழியாகத் தனியாகப் போகும். துளை சின்னதாக இருந்தால் பழைய விழுங்கல் தொடரும், பெரிதாகிவிட்டால் காற்று ஸ்ஸ் என்று கேட்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெரிதாக்கவேண்டும். துளையில் ஏர் டியூப் ஒன்றைச் செருகி, குட்டி ஏர் வால்வு மாட்டிவிட்டால் திருகித் திருகியே சரியான இடத்தைப் பிடித்துவிடலாம். எண்ட் கேப்புக்கும் பெட்டிக்குள் நிற்கும் குழாய்க்கும் ஒட்டும் சொல்யூஷன் போடாதே. இறுக்கிச் செருகினாலே நிற்கும், அடைத்தால் கழற்றவும் முடியும்.

குழாயை உயர்த்தியதில் இன்னொரு லாபமும் உண்டு. பெட்டிக்குள் மட்டம் ஏறியிருப்பதால், பெட்டி விளிம்பின் சீப்புப் பல்லைத் தாண்டி விழும் தண்ணீர் ஓர் அடி ஆழத்துக்கு அருவியாகக் கொட்டாமல் ஒரு விரற்கடை மட்டும் இறங்கும். அந்த அருவிச் சத்தமே பாதி.

ஆனாலும் தூங்கும் அறை என்றால் நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். உன் பெட்டியில் இரண்டு துளைகள் இருக்கின்றன, ஒன்று வடிகால், ஒன்று ரிட்டர்ன். ரிட்டர்னைத் தொட்டியின் பின்விளிம்புக்கு மேலே வளைத்துக் கொண்டுவந்துவிடு. அந்தத் துளை உனக்கு இரண்டாவது வடிகுழாய் ஆகிவிடும். ஹெர்பி முறை என்று இதற்குப் பெயர்.

முதல் குழாயின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் நன்றாக மூழ்கியிருக்கவேண்டும். மேற்பரப்புக்குப் பக்கத்தில் இருந்தால் சுழி விழுந்து காற்றை உள்ளே இழுத்துவிடும். அதனால் இரண்டாவது குழாயின் வாயைவிட 15 சென்டிமீட்டராவது தாழ்த்தி வை, வாயில் ஒரு வலையும் மாட்டு. இந்தக் குழாயின் கீழ்முனையில், சம்புக்குச் சற்று மேலே, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வால்வு. முழுக்கத் திறந்துவிட்டால் 3,000 லிட்டர் இறங்கும் குழாயை வால்வால் நெருக்கி, மோட்டார் தரும் 1,200 லிட்டருக்குக் கொண்டுவருகிறோம். குழாய் முழுக்கத் தண்ணீர், காற்றுக்கு இடமே இல்லை, சத்தமும் இல்லை. இரண்டாவது குழாய் சீப்புப் பல்லுக்குச் சற்றே கீழே திறந்த வாயோடு நிற்கும். வால்வை அப்படியே மிச்சசொச்சம் இல்லாமல் பொருத்த யாராலும் முடியாது. கொஞ்சம் கூடுதலாக நெருக்கி, மிஞ்சும் தண்ணீர் இரண்டாவது குழாயின் உள்சுவரை நனைத்துக்கொண்டு மெல்லிய படலமாக இறங்கும்படி விடு. அது கேட்காது.

வால்வுகளில் கேட் வால்வுதான் நல்லது. பல சுற்றுச் சுற்றி நூலளவு திறக்கலாம், நூலளவு மூடலாம். பால் வால்வு கால் திருப்பத்தில் திறந்து மூடிவிடுவதால் பொருத்துவதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். ஆனால் நம் ஊர்க் கடையில் கேட் வால்வு என்று கேட்டால் பெரும்பாலும் பித்தளையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். செம்பு கலந்த உலோகம் மீன்தண்ணீரில் வேண்டாம். இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு நஞ்சு. பிளாஸ்டிக்கில் கேட் வால்வு கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பால் வால்வையே வாங்கு. சென்னைக்கு யாராவது போனால் கொளத்தூரில் கேட்டுப் பார்க்கச் சொல், மீன்தொட்டிச் சாமான்களுக்கென்றே அங்கே கடைகள் வரிசையாக இருக்கின்றன.

மருமகனே, இந்த இடத்தை இரண்டு தடவை படி. இரண்டாவது குழாயில் வால்வு வைக்கவே கூடாது. வலையும் சுருக்கும் ரெட்யூசரும்கூட வேண்டாம். முதல் குழாயில் ஒரு நத்தையோ அழுகிய இலையோ மாட்டினால் மோட்டார் தருவது முழுவதையும் இந்த இரண்டாவது குழாய் ஒன்றே வாங்கவேண்டும். தொட்டியில் ஒற்றைக் குழாய்தான் உண்டு என்றால் அதில் வால்வு போடும் யோசனையே வேண்டாம். அடைத்த அன்று தண்ணீர் தரைக்குத்தான் வரும். பெரிய தொட்டிக்காரர்கள் மூன்றாவதாக இன்னொரு குழாயும் வைக்கிறார்கள். உன் தொட்டிக்கு இரண்டு போதும்.

சம்பில் விழும் முனையையும் கவனி. நீர்மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே முடிந்தால் போதும். மேலே நின்றால் கொட்டும். ஆழத்தில் போனால் குழாயிலுள்ள காற்று வெளியேற முடியாமல் ஏப்பம் விடும், மின்சாரம் போய் வந்தபின் குழாய் தானாக நிறையாது. முனையைச் சாய்வாக அறுத்துவிட்டால் ஓட்டம் இன்னும் அமைதியாகும். வடிகால் அடங்கிய பிறகும் உறுமல் கேட்டால் அது மோட்டார் கண்ணாடியைத் தொட்டு அதிர்வது. அடியில் ஸ்பாஞ்ச் துண்டு ஒன்று வை.

குழாயை அறுத்ததும் பிசிறை உப்புத்தாளால் தேய். எல்லாவற்றையும் முதலில் சொல்யூஷன் இல்லாமல் மாட்டி அளவு பார். சொல்யூஷனை மொட்டைமாடியில் பூசு. அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும், தீயும் பிடிக்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுக் கழுவியபின் தண்ணீர் விடு. தண்ணீரில் கை வைக்குமுன் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கிவிடு.

கடைசியில் இரண்டு சோதனைகள். மோட்டாரை நிறுத்து. ரிட்டர்ன் குழாய் இப்போது தலைகீழாக இழுத்துத் தொட்டித் தண்ணீரைச் சம்புக்கு இறக்கும். உன் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் மட்டம் என்பது 4 லிட்டர். ரிட்டர்ன் வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 20 லிட்டர் கீழே வரும், அதற்குச் சம்பில் இடம் இருக்கவேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ரிட்டர்ன் குழாயில் ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து இழுப்பு சீக்கிரம் அறுந்துவிடும். பிறகு மோட்டாரைப் போடு. ஓரிரு நிமிடம் இரைந்துவிட்டு, நீ தொடாமலே குழாய் நிறைந்து அடங்கவேண்டும். அடங்காவிட்டால் சம்பு முனையைச் சற்று உயர்த்து. அடுத்து முதல் குழாயின் வால்வை முழுக்க மூடிவிட்டு இரண்டாவது குழாய் மொத்தத் தண்ணீரையும் தாங்குகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார். இந்த இரண்டிலும் தேறாத குழாயைப் போட்டுவிட்டு யாரும் தூங்கப் போகக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தொடங்கு. சொல்யூஷன் டப்பாவைத் திறக்குமுன், மாட்டிப் பார்த்த குழாயைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா