ஆட்டமிழந்தவளுக்கும் பங்குண்டு



மாலையில் பள்ளி மணி அடித்ததும் நம் மைதானத்தில் கபடி ஆடுவோரைச் சற்று நின்று பாருங்கள். பிடிபட்டவள் கோட்டுக்கு வெளியே சென்று அமர்கிறாள். முகம் சிறிது வாடினாலும் அவள் கண்கள் ஆட்டத்தை விட்டு அகல்வதில்லை. தன் அணி எதிரணியில் ஒருத்தியை வெளியேற்றினால், வெளியே இருப்பவர்களுள் ஒருத்தி மீண்டும் உள்ளே வரலாம். முதலில் வெளியேறியவளே முதலில் வரவேண்டும் என்பது விதி. ஆகவே அவள் வெளியே அமர்ந்திருந்தாலும் ஆட்டத்தில்தான் இருக்கிறாள்.

அதே பெண் வீட்டில் கைபேசியை எடுத்துப் பலரோடு சேர்ந்து இணையவழியில் விளையாடுகிறாள், ஆட்டமிழக்கிறாள். அப்போது என்ன செய்கிறாள்? "ச்சே!" என்று கைபேசியைக் கட்டிலில் எறிகிறாள், தம்பியின் மீது எரிந்து விழுகிறாள், அல்லது குறும்படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். அந்தச் சில நிமிடங்களை எவ்வாறு கழிக்கலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் குற்றம்

பிறருக்கு அறிவுரை கூறுமுன் என் குற்றத்தைக் கூறிவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நான் ஏழாம் வகுப்பு மாணவி. பள்ளி மூடியிருந்தது. பெரியம்மா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், தோழியர் என்று பத்துப் பேர் சேர்ந்து 'அமங் அஸ்' என்னும் ஆட்டத்தை ஆடுவோம். இன்னர்ஸ்லாத் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட இந்த ஆட்டம், 2020-இல்தான் உலகெங்கும் புகழ் பெற்றது.

விண்கலம் ஒன்றில் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஒருவர் முதல் மூவர்வரை மாறுவேடத்தில் ஒளிந்திருக்கும் வஞ்சகர்கள். பணியாளர்கள் தமக்குரிய வேலைகளையெல்லாம் முடித்தாலும் வெல்லலாம். கூடிப் பேசி வஞ்சகரைக் கண்டுபிடித்து வெளியேற்றினாலும் வெல்லலாம். வஞ்சகரோ ஒருவர் பின் ஒருவராகப் பணியாளரை வீழ்த்துவர். வீழ்த்தப்பட்டவர் ஆவியாக மாறிவிடுவார். ஆவி சுவர்களுக்குள்ளும் புகுந்து செல்லலாம்; உயிரோடு இருப்பவர் அதைக் காண முடியாது. ஆயினும் எஞ்சிய வேலைகளைச் செய்யும் பொறுப்பு அந்த ஆவிக்கு உண்டு. அது செய்யும் வேலையும் அணியின் கணக்கில் சேரும்.

ஒருநாள் ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நான் வீழ்த்தப்பட்டேன். வந்த கோபத்தில் கைபேசியைக் குப்புற வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் முறுக்கு டப்பாவைத் திறந்தேன். திரும்பி வந்தபோது எங்கள் அணி தோற்றிருந்தது. வேலைகளைக் காட்டும் பச்சைப் பட்டை நிறைவதற்குச் சிறிதளவே குறைந்திருந்ததாம். நான் இரண்டு வேலைகளைத் தொடவே இல்லை. கடைசிவரை உயிரோடு ஓடி ஓடி வேலை செய்தவள் என் சித்தி மகள். நான்காம் வகுப்புச் சிறுமி. அவள் தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, நீ உன் வேலையை முடிச்சியா?"

என் வாயில் முறுக்கு இருந்தது, பதில் இல்லை. தோற்றதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்விதான் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

காத்திருப்பின் வகைகள்

காத்திருப்பு எல்லா ஆட்டங்களிலும் ஒரே விதமாக இருப்பதில்லை. அதை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சுற்று முடியும்வரை காத்திருத்தல். 1999-இல் 'ஹாஃப்-லைஃப்' என்ற ஆட்டத்தின் மாற்று வடிவமாகத் தோன்றிய 'கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்' இவ்வகையைச் சேர்ந்தது. கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் ஆடுவது இதுவே. 2023-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பின் போட்டி முறையில் அணிக்கு ஐவர். ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 55 விநாடி. குண்டு வைக்கப்பட்டுவிட்டால் அது வெடிக்க மேலும் 40 விநாடி ஆகும். ஆகவே தொடக்கத்திலேயே வீழ்ந்தவர் இரண்டரை நிமிடம்வரை காத்திருக்க நேரிடலாம்.

இரண்டாவது, குறித்த நேரம் கழித்துத் தானாகவே திரும்புதல். 2009-இல் வெளிவந்த 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' இதற்கு எடுத்துக்காட்டு. வீரரின் நிலை உயர உயரக் காத்திருக்கும் நேரமும் நீளும்.

மூன்றாவது, தோழர் வந்து மீட்கும்வரை காத்திருத்தல். 2019-இல் வந்த 'அபெக்ஸ் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தில், வீழ்ந்தவரின் அடையாளக் கொடியைத் தோழர் எடுத்துச் சென்று உரிய இடத்தில் சேர்த்தால் அவர் உயிர்பெறுவார். பொறுமையிழந்து இடையிலேயே ஆட்டத்தை விட்டுப் போனவரை மீட்க இயலாது.

நான்காவது, திரும்ப வர இயலாவிட்டாலும் வேலை உள்ள நிலை. மேலே கூறிய ஆவியின் நிலை இதுதான்.

இக்காத்திருப்பை ஏன் வைத்தார்கள் என்று கேட்கலாம். விழுந்த உடனே எழுந்துவிடலாம் என்றால் விழாமல் இருக்க யார் கவனம் கொள்வார்? கபடியில் வெளியேறும் அச்சம் இருப்பதால்தான் கால் எச்சரிக்கையோடு நகர்கிறது.

அணி ஆடிக்கொண்டிருந்தால்

ஆட்டமிழந்தவுடன் நம்மை நாமே கேட்கவேண்டிய முதற்கேள்வி இது: "என் அணி இன்னும் ஆடுகிறதா?" ஆடுகிறது என்றால் நமக்கு மூன்று கடமைகள் உள்ளன.

1. விதி அனுமதித்தால், கண்டதைச் சுருங்கச் சொல்லுதல். நம்மை வீழ்த்தியவர் எங்கே நின்றார், எத்தனை பேர் இருந்தனர் என்பதை ஒரே வரியில் சொன்னால் போதும். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எஞ்சியிருக்கும் தோழி எதிரியின் காலடி ஓசையைக் கேட்டுத்தான் பிழைக்க வேண்டும். நம் புலம்பல் அவள் காதை அடைத்துவிடக் கூடாது.

2. விதி அனுமதிக்காவிட்டால், கண்டதை மறைத்தல். இது மிகக் கடினம். 'அமங் அஸ்' ஆட்டத்தில் நம்மை வீழ்த்தியவர் யார் என்பது நமக்குத் தெரியும். அதே அறையில் அக்கா அமர்ந்திருப்பாள், நாக்கு துடிக்கும், ஒரு கண் சாடை போதும். அதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சாடையால் கிடைக்கும் வெற்றி, பார்த்து எழுதிய தேர்வில் கிடைக்கும் மதிப்பெண்ணைப் போன்றது.

3. எஞ்சிய வேலையை முடித்தல். வேலை இல்லாவிட்டால், தோழியின் ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்தல். நாம் ஆடும்போது காணாத நுட்பங்களை அப்போதுதான் காண்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் போட்டி ஒன்றில், கூடுதல் சுற்றுகள் நீங்கலாக, 24 சுற்றுகள்வரை நடக்கலாம். சுற்றுக்கு ஒரு நிமிடம் வீதம் காத்திருந்தாலும் 24 நிமிடங்கள் ஆகும். இது ஏறக்குறைய நம் பாடவேளை ஒன்றில் பாதிக்கு மேல். அதைச் சினத்தில் கழிப்பதா, கற்றுக்கொள்வதில் கழிப்பதா?

அணி இல்லாவிட்டால்

தனியாக ஆடி வெளியேறினோம் என்றால் நம்மை எதிர்பார்ப்பவர் எவரும் அங்கு இல்லை. உடனே அடுத்த ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்தக் கை பரபரக்கும். அதற்கு முன் எழுந்து நில்லுங்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண்ணிமைப்பது குறைகிறது. அதனால் கண் உலர்ந்து எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் உள்ள பொருளை 20 விநாடி பார்க்குமாறு கண் மருத்துவர்கள் கூறுவர். சன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்க்கலாம். ஒரு குவளை தண்ணீர் அருந்தலாம். "நான் எதனால் வீழ்ந்தேன்?" என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை தேடலாம். அந்த வாக்கியம் பிறர் பெயரோடு தொடங்கினால் அதை அழித்துவிட்டு, 'நான்' என்று தொடங்குங்கள். அதன் பிறகு இன்னோர் ஆட்டமா, வீட்டுப்பாடமா என்று முடிவு செய்தால், முடிவு செய்தது நம் அறிவாக இருக்கும், சினமாக இராது.

ஓர் எச்சரிக்கை

காத்திருக்கும் நேரம்தான் பேச்சு வளரும் நேரம். முன்பின் அறியாதவர்களோடு ஆடும்போது, "எந்த ஊர்? எந்தப் பள்ளி? படம் அனுப்பு" என்று எவரேனும் கேட்டால் பதில் சொல்லாதீர்கள்; அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். பணம் கட்டினால் உடனே உயிர்பெறலாம் என்று சில கைபேசி ஆட்டங்கள் ஆசை காட்டும். தோற்ற எரிச்சலில் இருப்பவரிடம் பணம் கேட்பது எளிது என்பதை நினைவில் வையுங்கள். அப்பாவின் வங்கிக் கணக்கு நம் ஆட்டத்தின் உயிர் அன்று.

முடிவுரை

தோழியரே! நாம் எல்லாரும் ஏதேனும் ஓர் ஆட்டத்தில் வெளியே அமர்ந்திருக்கிறோம். கைப்பந்து அணியில் பெயர் வராதவள் இருக்கிறாள்; நாடகத்தில் வேடம் கிடைக்காதவள் இருக்கிறாள்; காய்ச்சலால் விளையாட்டு விழாவைத் தவறவிட்டவளும் இருக்கிறாள். அணிக்குத் தண்ணீர் கொண்டு போகவும், திரை இழுக்கவும், கை தட்டவும் அப்போதும் ஆள் வேண்டும்.

இப்போதும் விடுமுறையில் என் சித்தி மகளோடு ஆடுகிறேன். இன்றும் பல வேளைகளில் நான்தான் முதலில் வீழ்கிறேன். கோபமும் வரத்தான் செய்கிறது. ஆனால் கைபேசியைக் குப்புற வைப்பதில்லை. சென்ற விடுமுறையில் நான் ஆவியாக அலைந்து என் கடைசி வேலையை முடித்த நொடியில் பச்சைப் பட்டை நிறைந்தது. எங்கள் அணி வென்றது. "யாருக்கா முடிச்சது?" என்று அவள் கத்தினாள்.

இம்முறை என் வாயில் முறுக்கு இல்லை. "நான்தான்" என்றேன்.